பசுமாடும் என் காப்புரிமையும்

என் வாழ்க்கையில் நான் ஒரேயொரு முறைதான் வழக்குப் பேசியிருக்கிறேன். அதில் வாதியும் நான்தான். தீர்ப்பின்படி குற்றவாளியும் நான்தான். எதிராளி இடையில் எழுந்துபோய் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தான்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு, 'என் அறிவு என் ஊருக்கே' என்ற கருத்தில் நான்கு பக்கத்துக்கு விலகல் கடிதம் எழுதிக் கொடுத்து (மேலாளர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை என்பது பிறகு தெரிந்தது) கரம்பொன்னுக்குத் திரும்பியிருந்தேன். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கணினி. வாசலில் பெயர்ப்பலகை. அதில் 'தலைமை அலுவலகம்' என்று போட்டிருந்தேன். கிளைகள் இல்லை.

மேசைக்கு மேலே சுவரில் அப்பா அம்மாவின் கலியாணப் படம் தொங்கும். மணவறையில் இருவரும் இருக்க, அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பசுமாடு நிற்கும். சிறு வயதிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன், அது ஏன் என்று. "வந்தது" என்பார் அப்பா. அம்மா குசினிக்குள் போய்விடுவார். அதற்குமேல் அந்த மாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் தகவல் இல்லை.

அப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் மறுக்க மாட்டார், தவணை வைப்பார். நான் திரும்பி வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"வாற திருவிழாக் கொடி ஏற முதல் ரெண்டு கோயில் உன்ர கொம்பியூட்டர் சாமானைப் பாவிக்கவேணும். ஒண்டெண்டால் காணாது. இல்லாட்டி நீ திரும்பவும் கொழும்புக்கு. சரியோ?"

"சரி" என்றேன். கொழும்பு மேலாளர் என் இடத்தை ஆறு மாதம் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். அவருடைய நல்ல குணம்தான் எனக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது.

முதல் கோயில் சுலபமாகக் கிடைத்தது. கரம்பொன்னுக்கும் புளியங்கூடலுக்கும் நடுவில் உள்ள எங்கள் பிள்ளையார் கோயில். எங்கள் பக்கத்தில் பத்து நாள் திருவிழாவென்றால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம். அந்த நாளை எந்தக் குடும்பம் முதலில் செய்ததோ அதற்கே உரிமை; பிறகு பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு. பத்திரம், முத்திரை ஒன்றும் இல்லை. ஊருக்குத் தெரிந்தால் சரி. இப்போது அந்தக் குடும்பங்களில் பாதி ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கின்றன. மேளம் யார், பூ எங்கிருந்து என்று அங்கிருந்து ஐயருக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தொல்லைக்குத்தான் என் மென்பொருள்.

திரையின் மேலே ஒரு பட்டை. பட்டையில் பத்துத் தாவல்கள், அதாவது கோப்பு விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு போன்ற தலைப்புகள். 'முதலாம் திருவிழா' என்பதைத் தொட்டால் அந்த நாளுக்குரிய பொத்தான்கள் கீழே வரும்: மேளம், பூ, குடை, வெற்றிலை, பழம், வெற்றிலை. 'இரண்டாம் திருவிழா'வைத் தொட்டால் அதற்குரியவை வரும். இதற்காக மூன்று நாள் ஐயர் வீட்டு விறாந்தையில் இருந்து விபரம் எடுத்தேன். ஐயர் ஒரு கொப்பியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தபோது, தாவல் பட்டை என்ற அந்த எண்ணம் எனக்குள் தானாகவே பளிச்சென்று உதித்தது. (அப்படித்தான் நான் நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, அம்மாவை எழுப்பியும் சொன்னேன்.)

வெற்றிலை இரண்டு தடவை வந்திருந்ததைக் கவனித்தீர்களா? நான் மென்பொருளைக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊரிலும் ஒருவரும் கேட்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டாவது கோயிலாக நான் குறி வைத்திருந்தது புங்குடுதீவில் ஒரு கோயில். எங்கள் ஐயரே கிழமைக்கு இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் அங்கும் போய்ப் பூசை செய்பவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்று அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று இருந்தேன். கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ரொறன்ரோப் பெரியம்மாவிடமிருந்து ஒரு படமும் குரல் பதிவும் வந்தன.

"பிள்ளை, உன்ர சாமான் புங்குடுதீவிலையும் ஓடுதாம். பெரியப்பான்ர தங்கச்சி அனுப்பினவ. சொல்லவேயில்லை பாத்தியே! சந்தோசம்."

படத்தைப் பார்த்தேன். மேலே பட்டை. பத்துத் தாவல்கள். கீழே மேளம், பூ, குடை, வெற்றிலை, பழம், வெற்றிலை. அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில், 'ஆக்கம்: நிரோசன்'.

என் உழைப்பைத் திருடியது போகட்டும். என் பிழையைக்கூட விடவில்லை.

அன்றைக்கு முழுவதும் இணையத்தில் தேடினேன். உலகத்துப் பெரிய மென்பொருள் கம்பனிகள் திரையில் தாவல் வைத்த கருவிப்பட்டைகளுக்குக் காப்புரிமை எடுத்ததையும், அதற்காக ஒன்றை ஒன்று நீதிமன்றத்துக்கு இழுத்ததையும் வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு முதுகு நிமிர்ந்தது. அவர்களும் என்னைப்போலத்தான் துன்பப்பட்டிருக்கிறார்கள்!

காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதை ஒருவர் பரிசோதிப்பார், இதே சங்கதி உலகத்தில் எங்காவது முன்பே இருந்திருந்தால் கிடைக்காது என்றெல்லாம் அந்தக் கட்டுரைகளில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பந்திகளை நான் தாண்டிப் போனேன். எனக்கு எதற்கு அது? நான் திருவிழா உரிமை உள்ள ஊரில் பிறந்தவள். முதலில் செய்தவருக்குச் சொந்தம், ஊருக்குத் தெரிந்தால் சரி. எட்டாம் திருவிழா எங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்ததோ, அப்படியே தாவல் பட்டை எனக்கு வந்துவிட்டது என்று முழுமனதாக நம்பினேன்.

'உரிமை அறிவித்தல்' என்று இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் தயாரித்தேன். 'இத்தால்', 'மேற்சொன்ன', 'அன்னார்' எல்லாம் போட்டேன். அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டி, முழுவதையும் வாசித்து, இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தித் திருப்பித் தந்தார். உள்ளடக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கச்சேரியில் அவருடைய வேலையே அதுதான்.

கடிதத்தின் முக்கியமான பந்தி இது: 'இப்பட்டையைப் பிறரிடமிருந்து எடுத்துத் தமதெனக் காட்டியவர் எவரோ, அன்னார் சபை முன்னிலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, இது என்னுடையதல்ல என்று மூன்று முறை சொல்லவேண்டியது. மேலும் வரும் திருவிழா பத்து நாளும் உரித்தாளர் இடும் பணியைச் செய்யவேண்டியது.' நிரோசன் என்று பெயரைப் போட்டிருக்கலாம். ஆனால் சட்டக் கடிதம் பொதுவாக இருந்தால்தான் கம்பீரம் என்று எனக்கு ஓர் எண்ணம். 'எவரோ' என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் பட்டபாடு கொஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த பிறகு, கோயில் அன்னதான மடத்தில் கூட்டம். திருவிழாவுக்கு முன்னர் வழக்கமாக நடக்கும் பொதுக்கூட்டம்தான். கடைசி விடயமாக என் முறைப்பாட்டையும் சேர்த்திருந்தார்கள். விடயம் பரவியதால் வழக்கமாக வருவதைவிட மூன்று மடங்கு சனம். புங்குடுதீவுக் கோயில் செயலாளரும் நிரோசனும் வந்திருந்தார்கள். என் கணக்கு இதுதான்: நிரோசன் தலைகுனிவான், செயலாளர் வெட்கப்பட்டு என் மென்பொருளைக் கேட்பார், இரண்டாவது கோயில் கிடைக்கும், நான் ஊரோடு இருக்கலாம். முன் வரிசையில் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். என் கையில் ஒரு பை. பைக்குள் நிரோசன் உடைக்கவேண்டிய தேங்காய். கடையில் தட்டித் தட்டிப் பார்த்து நானே வாங்கியது.

சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, எறிகருவியால் என் திரையையும் நிரோசனின் திரையையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் விழுத்தினேன். பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சபைத் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். காப்புரிமை என்ற சொல்லை நான் விளக்க ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார்.

"விளங்குது பிள்ளை. முதல் செய்தது ஆர் எண்டதுதானே பிரச்சினை?"

"ஓம், சேர்."

மடமே தலையாட்டியது. உலகத்தில் வேறெங்கும் ஒரு பொதுக்கூட்டம் காப்புரிமையை இவ்வளவு வேகமாக விளங்கியிருக்காது. எங்கள் கோயிலில் ஏழாம் திருவிழா யாருக்கு என்ற வழக்கு அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

வெற்றிலைப் பிழையைக் காட்டி நான் முத்தாய்ப்பு வைக்கப்போகும் நேரத்தில், ஐந்தாம் திருவிழாக்காரர் எழும்பினார்.

"பிள்ளை, அது கிடக்கட்டும். முதலாம் திருவிழாவைத் திறந்தா எங்கட அஞ்சாம் திருவிழா ஏன் மங்கிப்போகுது?"

"அது அப்பிடித்தான் ஐயா. ஒண்டு திறந்திருக்கேக்க மற்றதெல்லாம் பின்னுக்குப் போகும்."

"பின்னுக்குப் போகுமோ? ஆரைக் கேட்டுப் பின்னுக்கு விட்டனீர்?"

"அவையின்ர திருவிழா மட்டும் முன்னுக்கோ?" என்றார் மூன்றாம் திருவிழாக்காரர்.

"நாங்கள் முதலாம் திருவிழா. முன்னுக்குத்தான் நிப்பம்" என்றார் முதலாம் திருவிழாக்காரர்.

அதன் பிறகு சிறிது நேரம் என்ன நடந்ததென்று ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. பத்துத் தாவல்களும் மடத்துக்குள் உயிரோடு எழும்பி நின்று சத்தம் போட்டன. இந்த இடைவெளியில்தான் நிரோசன் எழுந்துபோய், மடைப்பள்ளியிலிருந்து தேநீர்த் தட்டைத் தூக்கிவந்து, ஒவ்வொருவராகக் கொடுத்தான். தேநீர் குடித்தபடி சத்தம் போட முடியாது. கூட்டம் அமைதியானது. எனக்கும் ஒரு குவளை தந்தான். ஆத்திரத்தோடு வாங்கிக் குடித்தேன். சீனி அளவாக இருந்தது.

"தம்பி நிரோசன், நீர் என்ன சொல்லுறீர்?" என்றார் தலைவர்.

அவன் என்னைவிட ஒரு வயது இளையவன். மெல்லிய ஆள். "சேர், நான் அக்கான்ரையைப் பாக்கேல்லை. பிள்ளையாராணை. ஐயா அங்க பூசைக்கு வரேக்க ஒரு கொப்பி கொண்டருவார். அதைப் பாத்துத்தான் செய்தனான்."

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. கொஞ்சம் ஆச்சரியம் மட்டும்.

"ஏன் பிள்ளை, நீரும் அதைப் பாத்துத்தானே மூண்டு நாள் இருந்து எழுதினனீர்?"



கொப்பி வந்தது. கொண்டுவந்தவர் ஐயரின் மனைவி, ஊரெல்லாம் ஐயரம்மா என்று கூப்பிடுகிறவர். மோதகத்துக்கு மாக் குழைத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கொப்பியைத் தலைவரிடம் நீட்டினார். தலைவர் அதைத் திரைக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தார்.

தடித்த மட்டைக் கொப்பி. மேல் விளிம்பில் வரிசையாகக் காகித மட்டைத் துண்டுகள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் தலைப்பு எழுதியிருந்தது. முதலாம் திருவிழா, இரண்டாம் திருவிழா என்று பத்து. அதற்குப் பின்னால் கலியாணம், புதுவீட்டுக் குடிபூரல் என்று இன்னும் சில. முதலாவது துண்டைப் பிடித்துப் பிரித்தார். பக்கத்தில் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது: மேளம், பூ, குடை, வெற்றிலை, பழம், வெற்றிலை.

மூன்று நாள் என் மூக்குக்கு முன்னால் இருந்திருக்கிறது. நான் பார்த்ததே என் நினைவில் இல்லை. என் மூளை அதை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு புதுச் சரக்காக எனக்கே விற்றிருக்கிறது.

"வெத்திலை ஏன் ரெண்டு தரம்?" என்றார் தலைவர், நீதிபதியின் குரலில்.

"ஒண்டு சுவாமிக்கு" என்றார் ஐயரம்மா. "மற்றது இவருக்கு."

ஐயர் கூரையைப் பார்த்தார்.

"உந்தத் துண்டுகளை ஆர் ஒட்டினது?"

"நான்தான். காது வைச்சனான். காது இல்லாட்டி இவர் பக்கம் மாறிப் பிரிச்சுப்போடுவார். ஒருக்கால் ஒரு கலியாணத்தில குடிபூரல் பக்கத்தைப் பிரிச்சு வைச்சுக்கொண்டு, பசுவும் கண்டும் எங்க எண்டு கேட்டவர். தாலி கட்டுற நேரத்தில ஐயரைக் கேள்வி கேக்கலாமோ? பாவங்கள், பக்கத்து வளவில நிண்ட மாட்டை அவிட்டுக் கொண்டந்து மணவறையடியில கட்டிப்போட்டுதுகள்."

மடத்துக்குள் ஒரு சிரிப்பு தொடங்கி, பாதியில் நின்றது. ஐயரம்மா முன் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தார். அப்பா நேரே பிள்ளையாரைப் பார்த்தபடி இருந்தார்.

"வீட்டை வந்து அண்டைக்கே, அவையின்ர கலியாண அழைப்பிதழை வெட்டித்தான் காது ஒட்டினனான்" என்றார் ஐயரம்மா. "சண்டைக்குள்ள இடம்பெயரேக்க அலுமாரியையும் விட்டிட்டுப் போனனாங்கள். இதை நான் விடேல்லை."

தலைவர் ஒரு காதைத் திருப்பினார். பின்பக்கத்தில் அச்செழுத்தில் அம்மாவின் பெயரில் பாதி இருந்தது. அடுத்த காதைத் திருப்பினார். கலியாணத் தேதி. நான் பிறக்குமுன்னரே, என் பெற்றோரின் பெயரால், தேதியிட்ட அத்தாட்சியோடு, என் கண்டுபிடிப்பு புளியங்கூடல் வழியில் ஐயரம்மா வீட்டு மேசையில் நடந்து முடிந்திருந்தது.

தலைவர் என் அறிவித்தலை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். "எடுத்துத் தமதெனக் காட்டியவர் எவரோ..." என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு கேட்டார்.

"பிள்ளை, இது நீர் எழுதினதுதானே?"

"ஓம், சேர்."

"தேங்காய் இருக்கோ?"

பைக்குள்ளிருந்து எடுத்தேன். நிரோசன்தான் பாவப்பட்டு, "சேர், உது தேவையில்லை" என்றான். சபை கேட்கவில்லை; எழுத்தில் கொடுத்தது எழுத்தில் கொடுத்ததுதான். பிள்ளையார் முன்னால் போய் உடைத்தேன். ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தது. நல்ல தேங்காய். 'இது என்னுடையதல்ல' என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை குரல் உடைந்து, பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொல்லவைத்தார்கள்.

திருவிழாப் பத்து நாளும் உரித்தாளர் ஐயரம்மா இட்ட பணியைச் செய்தேன். தேங்காய் துருவினேன், பாத்திரம் தேய்த்தேன், புதுக் கொப்பி ஒன்றுக்குக் காது ஒட்டினேன். மூன்றாம் நாள் ஐயரம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ர கொப்பியில எந்தப் பக்கத்தைப் பிரிச்சாலும் பத்துக் காதும் ஒரே மாதிரித்தான் தெரியும். உம்மட மிசினில ஏன் மங்குது?" அன்றே மாற்றினேன். ஐந்தாம் திருவிழாக்காரர் எனக்கு இரண்டாம் முறை பாயசம் விட்டார்.

ஆனால் தவணை தவணைதான். இரண்டாவது கோயில் இல்லை. கொடி இறங்கிய மறுநாள் அப்பா என்னைப் பஸ் ஏற்ற வந்தார். பெயர்ப்பலகையை நானே கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருந்தேன். அழக்கூடாது என்றிருந்தேன், வேலணை தாண்டுமுன்னரே அழுதேன். தோற்றதற்காக இல்லை. ஊரில் இருக்கவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன், அதை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். பஸ் புறப்படும்போது அப்பா யன்னலடியில் நின்று சொன்னது ஒன்றே ஒன்று.

"கொழும்பில ஆருக்கும் கடிதம் கிடிதம் குடுத்திடாதை."

பிறகு சில வருடங்கள் கழித்து, இன்னொரு கம்பனியில், நானும் வேறு மூவரும் செய்த ஒரு கருவிப்பட்டைக்குக் காப்புரிமை கேட்க நிர்வாகம் முடிவு செய்தது. இந்த முறை முறையான படிவம். அதில் ஒரு கேள்வி: இதுபோன்றது முன்பு எங்காவது இருந்ததை அறிவீர்களா? மற்ற மூவரும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். நான், 'ஆம். ஐயரம்மாவின் கொப்பி' என்று எழுதினேன். தேதிக்கு ஆதாரம் கேட்டார்கள். காதின் பின்பக்கத்தையும் கலியாணப் படத்தையும் ஊரிலிருந்து எடுப்பித்து அனுப்பினேன். சட்டத்தரணி தொலைபேசி எடுத்து, படத்தில் ஏன் மாடு நிற்கிறது என்று கேட்டார். ஆதாரமே அதுதான் என்றேன். விண்ணப்பத்தைக் கைவிட்டார்கள். கம்பனியில் அதற்குப் பிறகு என்னிடம் ஒருவரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துக் கேட்டதில்லை.

போன வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. அதே பிள்ளையார் கோயில், அதே ஐயர். (மாப்பிள்ளை நிரோசன் இல்லை. கதை அந்த அளவுக்குத் திருந்தவில்லை. அவன் இப்போது ஐந்து கோயில்களுக்குச் செய்துகொடுக்கிறான்.) ஐயர் நான் ஒட்டிய காதைப் பிடித்துச் சரியான பக்கத்தைப் பிரித்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. தாலி கட்டுவதற்குச் சற்று முன்னர் வெளியே ஏதோ சலசலப்பு. பார்த்தால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிரோசன். அவனுக்கு முன்னால் அப்பா. நடுவில் ஒரு பசுமாடு.

"அப்பா, ஐயர் கேக்கேல்லையே!" என்றேன் மணவறையில் இருந்தபடி.

"கேக்கத் தேவையில்லை" என்றார் அப்பா, மாட்டைத் தூணில் கட்டிக்கொண்டு. "கலியாணத்துக்கு மாடு கொண்டந்தது முதல் நாங்கள்தான். ஊருக்கே தெரியும். இண்டைக்கு விட்டமெண்டால் நாளைக்கு வேற ஆரும் உரிமை கொண்டாடுவினம்."

ஊர் தலையாட்டியது. அம்மா இந்த முறை குசினிக்குள் போகவில்லை. மாட்டுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். ஐயரம்மா தட்டிலிருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து ஐயருக்கு நீட்டினார்.

என் கலியாணப் படமும் இப்போது அந்தச் சுவரில்தான் தொங்குகிறது. அதில் எனக்குக் கண் மூடியிருக்கிறது. மாடு நேரே கமெராவைப் பார்க்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது ஏன் என்று கேட்கிறார்கள்.

"வந்தது" என்கிறேன்.